நீலக் கயிறு

ஃபாரோ தீவுகளில் எங்களுடையது சின்னது.
காடு கிடையாது.
இருக்கிற ஏழு ஊசியிலை மரங்களும்
தேவாலயத்து மதிலுக்குள் நிற்கின்றன.
ஒரு கிளை ஒடித்தால்
இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.
இருட்டுவதோ மூன்று மணிக்கு.

அதனால் கயிறு.
ஹெய்னியின் போன பயணத்தில் அறுந்த இழுவலைக் கயிறு,
நீலம் வெளிறி, உப்பில் விறைத்தது.
மூன்று சுற்றுச் சுற்றி முனையை உள்ளே செருகினேன்.
வட்டம் வரவில்லை,
முட்டை வந்தது.
மேசையில் வைத்து முழங்கையால் அழுத்தினேன்.
இன்னும் நல்ல முட்டையானது.

குன்றில் பிடுங்கிய ஹெதர் செடி,
காய்ந்தும் ஊதாவை விடாதது.
கொத்துக் கொத்தாக அடுக்கிக் கம்பளி நூலால் இறுக்கினேன்.
ஒரு கொத்தின் காலை அடுத்ததின் தலை மறைக்க வேண்டும்,
வித்தை அவ்வளவுதான்.
பத்து விரலிலும் கீறல்.
சிவப்புப் பழத்துக்கு எங்கே போவது?
மீன் ஆலையில் மாட்டும் ஆரஞ்சு ரப்பர் கையுறையை
நகம் அளவு வெட்டி, உருட்டித் தைத்தேன்.
தூர நின்றால் பழம்.
கிட்ட வந்தால் மீன்.

நாத்தனார் துரிட் காபிக்கு வந்தாள்.
கோட்டைக் கழற்றாமலே பார்த்தாள்.
"வளையமா," என்றாள்.
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
நவம்பரில் துறைமுகத்து நினைவுக்கல்லின் அடியில்
அவள் வைத்ததும் இதே அளவுதான்.
கடையில் வாங்கியது, ஒழுங்கான வட்டம்,
வெள்ளை ரிப்பனில் ஒரு பெயர்.
கதவில் தொங்கினால் வா என்று பொருள்.
கல்லருகே கிடந்தால்

காபி ஆறிப்போனது.
கையுறைத் துண்டு ஒன்றை எடுத்து
ஊசியில் கோத்தாள். பிறகு இன்னொன்று.
பதினொரு பழம் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்களன்று மாட்டினேன்.
செவ்வாய் இரவு காற்று.
எங்கள் ஊர்க் காற்று வாசலோடு திரும்பாது,
உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகும்.
குப்பைத் தொட்டி, யாரோ வீட்டு டிராம்போலின்,
குழந்தையில்லாத ஒரு தள்ளுவண்டி
தெருவில் எதிரெதிரே போயின.
விடிந்தபோது கதவில் ஆணி மட்டும்.

கடலுக்குத்தான் போயிருக்கும்.
இங்கே எதுவும் கடைசியில் அங்கேதான் போகும்.
அந்த வளையம் தண்ணீரில் மிதப்பதை
நினைக்காமலிருக்கப் பாத்திரம் கழுவினேன்.
கழுவியதையே கழுவினேன்.
படகு பேரண்ட்ஸ் கடலில்.
இரண்டு நாளாகத் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை.
அது வழக்கம்தான், தெரியும்.
தெரிந்து என்ன.

மதியம் சாக்காரிஸ் கதவைத் தட்டினார்,
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.
என் முழங்கால்கள் என்னை விட்டுப் போயின.
"உன்னுடையது என் ஆட்டிடம் இருக்கிறது," என்றார்.
"தர மாட்டேன் என்கிறது."

சரிவில் நின்றது அந்தக் கிழட்டுச் செம்மறி.
கழுத்தில் நீலக் கயிறு.
ஹெதரில் பாதியைத் தின்றுவிட்டு
பழங்களை ஒவ்வொன்றாகத் துப்பியிருந்தது.
மேடையில் மாலை வாங்கிய அமைச்சரைப் போல
கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது,
கூட்டம் என்றால் நாங்கள் இரண்டு பேர்.
சிரித்தேன்.
சிரிப்பு வேறெங்கோ போகப் பார்த்தது,
இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.
சாக்காரிஸ் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு
வேறு பக்கம் திரும்பி மேகத்தைப் பற்றிப் பேசினார்.

மிச்சம் கிடைத்தது:
கயிறு, ஹெதர்க் குச்சி கொஞ்சம்,
மூன்று பழம், ஒரு பிடி ஆட்டு மயிர்.
ஆட்டு மயிரை எடுக்கவில்லை.
துரிட் வந்து முடிச்சுப் போட்டாள்,
அவிழ்க்கத் தெரியாத மாதிரி.
இந்த முறை இரண்டு ஆணி.

படகு வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.
சனி என்றும் சொல்கிறார்கள்.
கதவைத் திறக்கும்போதெல்லாம்
மீன் வாசம்தான் முதலில் உள்ளே வருகிறது.
முட்டையாகவே தொங்குகிறது.